பிளேன்டீ வைத்த பலகை

பல் வைத்தியர் பிரதாபனுக்கு
கிட்டாரின் முகத்தில் அலை வேண்டுமாம்.
"தூரத்தில நிண்டு பாத்தாலும் தெரியோணும்"
என்று போனுக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தார்:
புலி வரி ஓடும் பலகை,
வார்னிஷில் முகம் பார்க்கலாம்.
ஓசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
முற்பணம் மட்டும் சொன்ன நாளில் வந்தது.

ஆகவே ஆமர் வீதி.
சட்டை முதுகில் ஒட்டுகிற செவ்வாய்க்கிழமை.
ஜவ்ஸி நானாவின் மரக்காலையில்
உடைத்த வீடுகள் சுவரில் சாய்ந்து நின்றன.
ஒரு கதவில் இன்னும் இலக்கம் பதினான்கு,
கடிதம் போடும் துவாரத்தோடு.

"பூ முதிரை மிஸ். மல்புருத்த.
கொழும்பு முழுக்கத் தேடினாலும் கெடைக்காது."
நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தார்.
அடேயப்பா,
மஞ்சளுக்குள்ளிருந்து எழும்பியது
காற்றடித்த குளம்.
சரித்தால் இருட்டு இருந்த இடத்தில் வெளிச்சம்,
வெளிச்சம் இருந்த இடத்தில் இருட்டு.
"மரம் பட்ட வேதனை மிஸ்,
அதுதான் இப்பிடிச் சுருங்கி ஈக்கி."
வேதனை அடி என்ன விலை என்று கேட்டேன்.
சிரித்தார். குறைக்கவில்லை.

ஈரம் காய்ந்தது.
குளம் போய்
பலகையின் கனம் மட்டும் கையில் மிஞ்சியது.

ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து
காதோடு வைத்து
நடுவிரல் கணுவால் தட்டினேன்.
பின்னால் சுமித்தின் வாள் அலறியது.
தட்டினேன். நூற்றி மூன்றாம் இலக்க பஸ்.
தட்டினேன். பலாப்பழம் விற்கிறவனின் ஒலிபெருக்கி.
எத்தனை முறை தட்டியும்
அந்த மரத்துக்குள் ஆமர் வீதிதான் கேட்டது.

பிறகு கரண்ட் போனது.

வாள் தன் கடைசிச் சுற்றை முனகி முடித்தது.
மின்விசிறி யோசித்து யோசித்து நின்றது.
ஒரு நிமிடம்
வீதிக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.
அந்த இடைவெளிக்குள் தட்டினேன்.
டொக்.
அவ்வளவுதான்.
இத்தனை அலங்காரமான கதவு,
உள்ளே ஆளில்லை.

ஜவ்ஸி நானா குடித்து முடித்த
பிளேன்டீக் கிளாஸைத்
திரும்பிப் பாராமல் பின்தட்டில் வைத்தார்.

ண்ண்ங்ங்

அது என் விலா எலும்பில் கேட்டது.

கரிபிடித்த தட்டு. நாலு ஆணி.
மேலே சீனிப் போத்தல், பில் புத்தகம்,
நுளம்புத்திரிச் சாம்பல்.
"அதா? கொள்ளுப்பிட்டியில ஒரு வீடு உடைச்ச நேரம் வந்த
பியானோட வயிறு மிஸ்.
மெல்லிசு, விறகுக்கும் சரிவராது."

வியாபாரத்தில் முகம் காட்டக்கூடாது.
கொட்டாவி விட்டேன்.
தண்ணீர் கேட்டு வாங்கி, அரைவாசி குடித்து,
மீதியைக் கை தவறியதுபோல் தட்டில் ஊற்றி,
ஐயையோ என்று துப்பட்டாவால் துடைத்தேன்.
நூல் பிடித்தாற்போல் ஓடிய வரிகளுக்குக் குறுக்கே
பூனை கதிரையில் நகம் தீட்டிய மாதிரி
சின்னச் சின்ன வெள்ளிக் கீறல்கள்.
பத்து இருக்கும். பன்னிரண்டு.
நேரே பார்த்தால் இல்லை,
தலை சாய்த்தால் உண்டு.

அந்த இடத்தில் மரத்துக்கு என்ன நடந்ததோ.
வேதனையாக இருக்கலாம்.
சும்மா ஒரு சோம்பலாகவும் இருக்கலாம்.

முதிரைக்கு இன்னும் கொஞ்சம் பேரம் பேசி
கட்டாது என்று விட்டுவிட்டு,
வந்ததுக்கு இதையாவது தாங்க என்றேன்.
ஆயிரத்து ஐந்நூறு.
ஆட்டோவில் ஏறும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது:
"மிஸ், அது என்ன மரம்?"
ஆட்டோ கிளம்பிவிட்டது.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
பக்கத்து வீட்டார் தூள் பறக்குது என்று கத்துமுன்
சீவி முடித்தேன்.
பலகையில் கிளாஸ் வைத்த வளையம் மூன்று.
ஒன்றைச் சுற்றி ஓசைத் துளையை வரைந்தேன்,
அது வெட்டோடு போகும்.
இன்னொன்றைப் பாலம் மூடும்.
மூன்றாவது
நடு வயிற்றில், எதற்கும் அகப்படாமல்,
எவ்வளவு தேய்த்தும் லேசாகத் தெரிகிறது.

பிரதாபன் கேட்பார்.
மரத்தின் அலைகளில் இதுவும் ஒரு வகை,
மிக அரிது என்பேன்.
கதிரையைச் சாய்த்து, ஊசியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி
நோகாது என்று
எனக்குச் சொன்னவர்தானே அவர்.